செயலிதான் விழுகிறதா, ஸ்பீக்கர்தான் தொலைகிறதா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு வைஃபை ஸ்பீக்கர் இருக்கிறது. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே செயலி, அத்தையின் ஐஃபோனில். காலை ஆறு மணிக்குச் சமையலறை ஸ்பீக்கர் தானாக ஒலி 968 வானொலியை வைத்துவிடும்படி நான்தான் நேரம் அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஆறேகாலுக்கு அத்தை கூப்பிட்டார்.

"தம்பி, பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. சத்தத்தக் குறைக்கலாம்னு ஆப்பத் தொட்டா திறக்குது, ரெண்டு நொடியில மறைஞ்சு போயிடுது. நாலு தடவ பார்த்துட்டேன்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது: "எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடலாமான்னு கேளு."

"அத்தை, ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. இந்த மாதிரி அழைப்பு எனக்கு வருவது முதல் முறை இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும் பலருக்கும் வருகிறது. அவசரத்தில் செய்யும் ரீசெட், அதாவது எல்லா அமைப்பையும் அழித்து முதல் நிலைக்குக் கொண்டுபோவது, அரை மணி நேர வேலையை முழு நாள் வேலையாக்கிவிடுகிறது.

அத்தை சொன்னதிலேயே பெரிய துப்பு ஒன்று இருந்தது. செயலி விழுகிறது, ஆனால் பாட்டு ஓடுகிறது. இது எப்படி என்று பலருக்குக் குழப்பமாக இருக்கும். இந்த வகை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் பாட்டு கைப்பேசி வழியாகப் போவதே இல்லை. கைப்பேசி மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் மாதிரி. எந்த நிலையம், எவ்வளவு சத்தம், எந்த அறை என்று எழுதிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. இணையத்திலிருந்து சாமானைத் தூக்கி வருவது ஸ்பீக்கரேதான். கூகல் காஸ்ட் இப்படித்தான் இயங்குகிறது, ஸ்பாட்டிஃபை கனெக்ட்டும் இப்படித்தான். புளூடூத் வேறு கதை. அதில் கைப்பேசியே பாட்டை அனுப்புகிறது, கைப்பேசி நின்றால் பாட்டும் நிற்கும். ஆகவே செயலி விழுந்த பிறகும் ஆறு மணி வானொலி தானாக வருகிறதென்றால் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது, அதற்கு இணையமும் கிடைக்கிறது என்று பொருள். ரீசெட் செய்ய நினைத்தது நோயே இல்லாத ஆளுக்கு அறுவை சிகிச்சை செய்ய நினைத்த மாதிரி.

"ஆப் வேலை செய்யல" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, செயலி திறந்து தானே மூடிக்கொள்வது. இரண்டாவது, செயலி திறந்தே இருக்கும், ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, செயலி நன்றாகத் திறக்கும், ஆனால் "ஸ்பீக்கர் எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியை வாங்கி அதே செயலியை நிறுவி, அத்தையின் கணக்கில் நுழைந்தேன். திறந்தது. விழவில்லை. ஆனால் ஸ்பீக்கர் ஒன்றுமே இல்லை என்றது. பத்து நிமிடத்தில் செய்த இந்தச் சோதனையைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை என்பேன். இரண்டாவது கைப்பேசியில் செயலி விழவில்லை என்பதால் விழும் கோளாறு அத்தையின் கைப்பேசிக்குள் இருக்கிறது. இரண்டாவது கைப்பேசிக்கும் ஸ்பீக்கர் தெரியவில்லை என்பதால் காணாமல் போகும் கோளாறு வீட்டு வைஃபையில் இருக்கிறது. ஒரு புகார், இரண்டு கோளாறு.

முதலில் விழும் கோளாறைப் பார்ப்போம். அத்தையின் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டுச் செயலியைத் திறந்தேன். அப்போதும் விழுந்தது. வைஃபை இல்லாதபோது விழாமல், வைஃபை வந்ததும் விழுந்தால் வீட்டு வலையிலிருந்து வரும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிவிடுகிறது. இரண்டு நிலையிலும் விழுந்தால் பெரும்பாலும் செயலி தனக்குள் சேமித்து வைத்திருக்கும் தகவல் கெட்டிருக்கிறது. இந்தச் செயலிகள் கடைசியாகப் பார்த்த வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளும்: எத்தனை ஸ்பீக்கர், எந்த அறை, எந்த முகவரி, என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எல்லாவற்றையும். திறந்தவுடன் அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிக்கும். அது பாதியில் எழுதப்பட்டிருந்தாலோ, புதிய பதிப்புக்குப் புரியாத பழைய வடிவத்தில் இருந்தாலோ படிக்கும் இடத்திலேயே செயலி சாய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே இரண்டு நொடியில்.

ஆண்ட்ராய்டில் இதற்கு மருந்து எளிது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்தச் செயலி, ஸ்டோரேஜ். அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கும். 'கிளியர் கேஷ்' தற்காலிகக் குப்பையை மட்டும் அள்ளும், அதில் ஆபத்தில்லை. அது பலிக்காவிட்டால் 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்'. இது எல்லாவற்றையும் துடைத்துவிடும், மறுபடி கடவுச்சொல் கேட்கும். ஐஃபோனில் எல்லாச் செயலிக்கும் பொதுவான அந்த முதல் பொத்தான் கிடையாது. 'ஆஃப்லோட்' என்று ஒன்று உண்டு, பலர் அதைச் செய்துவிட்டுப் பலனில்லையே என்பார்கள். ஆஃப்லோட் செயலியைத்தான் நீக்கும், அதன் சேமிப்பை அப்படியே வைத்திருக்கும். கெட்டுப்போன குறிப்பு திரும்பி வந்துவிடும். செயலியை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். அழிப்பதற்கு முன் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை அதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார், பிழைத்தோம்.

செயலி விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சேமிப்பிடம் நிரம்பிவிட்ட கைப்பேசி ஒரு காரணம். கைப்பேசியின் தேதி, நேரம் தவறாக இருப்பது இன்னொன்று. செயலி நிறுவனத்தின் சர்வரோடு பேசும்போது கைப்பேசி அந்த சர்வரின் சான்றிதழ் காலத்தைச் சரிபார்க்கிறது, கடிகாரம் தவறினால் அந்த இடத்தில் முறியும். சில சமயம் குற்றம் அந்தச் செயலியின் மேலேயே இருக்காது. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற பொதுப் பாகத்தில் ஒரு பிழை வந்து, உலகெங்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத செயலிகள் ஒரே நாளில் விழுந்தன. கூகல் அந்தப் பாகத்தையும் குரோமையும் புதுப்பித்த பிறகுதான் அடங்கியது. எனவே ஸ்பீக்கர் செயலி மட்டுமா, கைப்பேசியில் மற்றவையும் விழுகின்றனவா என்று கேட்பது வீண் கேள்வி இல்லை.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விழுவது போலத் தெரிவது சில வேளை விழுவதே இல்லை, கொல்லப்படுவது. ஒரு செயலி திரைக்குப் பதில் சொல்லாமல் 5 விநாடி உறைந்து நின்றால் ஆண்ட்ராய்டு அதைப் பதிலற்றதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஐஃபோனில், திறக்கும்போது சுமார் 20 விநாடிக்குள் செயலி எழுந்து நிற்காவிட்டால் அதைக் கண்காணிக்கும் காவலாளி மூடிவிடுகிறது. சரியாக எழுதப்படாத செயலி, ஸ்பீக்கரின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது திரையையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிடும். அப்போது மோசமான வைஃபை என்பது கண்ணுக்குச் செயலிக் கோளாறாகத் தெரியும். இரண்டே நொடியில் மூடிக்கொண்டால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. நெடுநேரம் திணறிவிட்டு மூடிக்கொண்டால் வலையைச் சந்தேகப்படுங்கள். நொடியை எண்ணிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சரி, அத்தையின் கைப்பேசியில் செயலி மறுபடி வந்தது, விழாமல் திறந்தது. அடுத்த நொடியே ஐஃபோன் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் வீட்டு வலையில் இருக்கும் சாதனங்களைத் தேட இந்தச் செயலியை அனுமதிக்கலாமா? நான் வாய் திறப்பதற்குள் அத்தை 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மோசடி பற்றி இந்த ஊரில் லிஃப்ட் பக்கத்தில், தொலைக்காட்சியில், வானொலியில் என்று எங்கும் எச்சரிக்கிறார்கள். தெரியாத எதற்கும் சம்மதம் கொடுக்காதே என்பது அவருக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த ஒரு இடத்தில் அது ஸ்பீக்கரைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. 2020-இல் வந்த ஐஃபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14 முதல் இந்த அனுமதி இல்லாமல் எந்தச் செயலியும் வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களைத் தேட முடியாது. ஒருமுறை மறுத்தால் மறுபடி கேட்காது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் என்று உள்ளே போய் நாமே திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டிலும் 12, 13 பதிப்புகளிலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று ஓர் அனுமதி உண்டு.

அனுமதியைத் திறந்துவிட்டேன். செயலி விழவில்லை. ஸ்பீக்கரும் வரவில்லை. மாமாவின் கைப்பேசி காட்டிய அதே வெறும் திரை.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. செயலிக்கு ஸ்பீக்கரின் முகவரி தெரியாது. கல்யாண மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து "மாப்பிள்ளை வீட்டார் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பது போல, அது வீட்டு வலை முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் கை தூக்குகிறார்கள். எம்டிஎன்எஸ் என்ற முறையில் இந்தக் குரல் 224.0.0.251 என்ற பொது முகவரிக்குப் போகிறது, எஸ்எஸ்டிபி என்ற இன்னொரு முறையில் 239.255.255.250-க்கு. இரண்டும் மண்டபத்துக்குள் ஒலிப்பதற்கென்று உருவானவை. பக்கத்து மண்டபத்துக்குக் கேட்காது. கேட்கக்கூடாது என்றுதான் அமைப்பே. இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து வீட்டு ஸ்பீக்கரெல்லாம் நம் செயலியில் வந்து நிற்கும்.

"அத்தை, நேத்து வீட்டுல ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டேன். வாசலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"இன்டர்நெட்காரர் வந்து புது ரவுட்டர் வச்சுட்டுப் போனாரே" என்றார்.

ஒப்பந்தம் புதுப்பித்திருக்கிறார்கள். வந்தவர் புதிய ரவுட்டரை ஃபைபர் இணைப்பில் மாட்டி, இரண்டு கைப்பேசியையும் அதன் வைஃபையில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த, வீடு முழுக்க வைஃபை பரப்பும் பழைய மெஷ் பெட்டியையும் கம்பி போட்டுப் புதியதோடு இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேலையில் தவறில்லை, இணையம் எல்லா இடத்திலும் வந்தது. ஆனால் பழைய பெட்டி தானும் ஒரு ரவுட்டர் என்றே நினைத்துக்கொண்டு தனி வலையை நடத்திக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் மூன்றும் பழைய வைஃபை பெயரையே நம்பி அந்த மண்டபத்தில் இருந்தன. அங்கிருந்து புதிய ரவுட்டர் வழியாக இணையத்துக்கும் போய் வானொலியை எடுத்து வந்தன. கைப்பேசிகள் புதிய மண்டபத்தில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே வீட்டில் இரண்டு மண்டபம். அத்தையின் செயலி விழுந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சேமித்து வைத்த பழைய முகவரிகள் புதிய வலையில் பொருந்தாமல் போனதும், முந்தின நாள் அது எழுதிய குறிப்பு கெட்டிருக்கலாம்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் அடிக்கடி நேர இடமிருக்கிறது. இங்கே ஃபைபர் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. நிறுவனம் மாற்றுவதும் வேகம் கூட்டுவதும் சர்வ சாதாரணம். நாடு தழுவிய இணைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 2024-இல் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. ஒவ்வொரு புதிய திட்டத்தோடும் ஒரு புதிய ரவுட்டர் வீட்டுக்கு வர வாய்ப்புண்டு, பழையதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வருவதில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கலாம், தவறில்லை. பழையதை 'ஆக்சஸ் பாயின்ட்' அல்லது 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றிவிட்டால் போதும். அது முகவரி கொடுப்பதை நிறுத்திவிட்டு வெறும் வைஃபை கம்பமாக வேலை செய்யும், இரண்டு மண்டபமும் ஒன்றாகிவிடும். பழையதைக் கழற்றிவிடுபவர்கள் புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுக்கலாம். ஸ்பீக்கர், விளக்கு, கேமரா எல்லாம் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதே போன்ற சுவரை வேறு விஷயங்களும் எழுப்பும். விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபை பெரும்பாலும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க விடாது. அலுவலக வலைக்குத் தனி வழி போடும் விபிஎன் ஓடும் கைப்பேசியும் வீட்டு வலையைப் பார்க்காமல் போகலாம். ஆனால் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸிலும் ஸ்பீக்கர் 2.4-லும் இருப்பதுதான் காரணம் என்று பலர் சொல்வதை நம்பி அலைய வேண்டாம். ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசையும் சாதாரணமாக ஒரே மண்டபம்தான். முதன்முதலில் ஸ்பீக்கரைச் சேர்க்கும்போது மட்டும் அது தொல்லை கொடுப்பதுண்டு.

அனுமதி சரி, வலையும் ஒன்றுதான், ஆனாலும் ஸ்பீக்கர் ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் மறைகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் அடுக்குமாடி வாழ்க்கையைக் கணக்கில் எடுக்க வேண்டும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று எத்தனை பெயர்கள் வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. சாதாரணத் தகவல் வழியில் தொலைந்தால் வைஃபை மறுபடி அனுப்பும். ஆனால் மண்டபத்துக்கே கேட்கும்படி ரவுட்டர் பரப்பும் அந்தப் பொதுக் குரலுக்கு, கிடைத்ததா இல்லையா என்ற ஒப்புதல் கிடையாது, மறு அனுப்புதலும் கிடையாது. இரைச்சலில் அமுங்கினால் அமுங்கியதுதான். இணையம் வேகமாக இருக்கும், யூடியூப் தடங்கலின்றி ஓடும், ஸ்பீக்கர் மட்டும் தெரியாது. "வைஃபை நல்லாத்தானே இருக்கு" என்று நாம் குழம்புவது இதனால்தான்.

அப்புறம் பாம் ஷெல்டர். 1998 முதல் இங்கே கட்டப்படும் புதிய வீடுகளில் அந்தக் காப்பறை கட்டாயம். கம்பி போட்ட தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டுக்குத் தாங்கக் கட்டிய சுவர் வைஃபைக்கும் தாங்கும். ரவுட்டரை அழகுக்காக அதற்குள் ஒளித்து வைப்பவர்கள் தயவுசெய்து வெளியே எடுத்து வையுங்கள். நூறு வெள்ளி பெட்டி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

கோளாறு நம் வீட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2024 மே மாதம் வைஃபை ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் நிறுவனம் தன் செயலியை முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்டது. விழிப்பு நேரம் அமைப்பது உள்ளிட்ட பழைய வசதிகள் சில அதில் இல்லை. ஸ்பீக்கர் தெரியவில்லை, செயலி தடுமாறுகிறது என்று உலகெங்கும் புகார் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சரிசெய்ய 20 முதல் 30 மில்லியன் அமெரிக்க டாலர் ஆகும் என்றது. 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். அந்த மாதங்களில் எத்தனையோ பேர் தங்கள் ரவுட்டரைச் சபித்திருப்பார்கள்.

ரீசெட் பற்றி நான் பயப்படுவதற்குக் காரணமான சம்பவம் 2025 மார்ச்சில் நடந்தது. தொலைக்காட்சியில் செருகும் கூகலின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும், சாதாரண ஸ்பீக்கரை வைஃபை ஸ்பீக்கராக்கும் குரோம்காஸ்ட் ஆடியோவும் உலகெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. அவற்றுக்குள் இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்துவிட்டிருந்தது. சாதனத்தில் பழுதே இல்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகலே கேட்டுக்கொண்டது. பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாளில் புதுப்பிப்பு தானாக வந்து சேர்ந்தது. ஏற்கெனவே ரீசெட் செய்தவர்கள் சாதனத்தை மறுபடி அமைக்க முடியாமல் தவித்தார்கள், அவர்களுக்குக் கூடுதல் வேலை தேவைப்பட்டது. ரீசெட்டுக்குப் பிறகு சாதனம் நிறுவனத்தின் சர்வரிடம் போய் தன்னை முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்த வழி அடைபட்டிருக்கும் நாளில் ரீசெட் செய்தால் வெளியே நின்று கதவைப் பூட்டிக்கொண்டு சாவியை உள்ளே விட்ட கதைதான்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, செயலி இன்னும் விழுகிறது என்றால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் "ரீசெட் செய்து பாருங்கள்" என்ற பதில்தான் வரும். கைப்பேசி மாதிரி, அதன் மென்பொருள் பதிப்பு, செயலியின் பதிப்பு, விழுந்த நேரம், எத்தனை நொடியில் விழுந்தது, இரண்டாவது கைப்பேசியில் என்ன ஆனது, வைஃபை அணைத்தபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். ஐஃபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் அனலிட்டிக்ஸ் டேட்டா என்ற இடத்தில் செயலி விழுந்த பதிவு, அதன் பெயரோடும் தேதியோடும் இருக்கும். அதையும் இணைத்து அனுப்புங்கள். நிரல் எழுதுபவருக்கு எந்த வரியில் விழுந்தது என்று காட்டுவது அந்தப் பதிவுதான். உதவ வீட்டில் ஆள் இல்லாத பெரியவர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் மின்னிலக்கத் தூதர்களிடம் கைப்பேசியைக் கொண்டுபோகலாம். கைப்பேசி அமைப்புகளைப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

அத்தை வீட்டில் அதுவரை போகத் தேவை வரவில்லை. பழைய மெஷ் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றினேன். ரவுட்டரை முதலில் நிறுத்திப் போட்டு மூன்று நிமிடம் விட்டு, அப்புறம் மெஷ் பெட்டி, அப்புறம் ஸ்பீக்கர்கள் என்று வரிசையாகப் போட்டேன். ரவுட்டர் எழுந்து முகவரி கொடுக்கத் தயாரான பிறகுதான் மற்றவை கேட்க வேண்டும், அதனால் இந்த வரிசை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மாறாத முகவரி ஒன்றை ரவுட்டரில் ஒதுக்கினேன். சமையலறை, கூடம், படுக்கையறை என்று மூன்றும் செயலியில் வந்து நின்றன. அத்தை முதலில் சத்தத்தைக் குறைத்தார். பிறகு சமையலறை ஸ்பீக்கரின் தலையில் இருக்கும் சத்தப் பொத்தானைக் காட்டி, "இத அமுக்கியிருந்தா குறைஞ்சிருக்குமாடா?" என்று கேட்டார். குறைந்திருக்கும் என்றேன். அந்தப் பொத்தானுக்கு வைஃபையும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். இப்போது மூன்று ஸ்பீக்கரிலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது.